பக்கத்துக் கட்டிலில் யார்?

தேனி மாவட்டத்தில் கல்லூரியில் சேரும் முதலாண்டு மாணவர் எங்கே தங்கிப் படிப்பது என்பதை அவருடைய விருப்பத்துக்கு முன்பே மலையும் சாலையும் தீர்மானித்துவிடுகின்றன. ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபுறம் மேகமலையும் வருசநாட்டு மலையும், நடுவே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனிக்கு வரும் நெடுஞ்சாலைதான் பள்ளத்தாக்கின் முதுகெலும்பு. கல்லூரிகளும் பெரும்பாலும் இந்தச் சாலையையோ அதன் கிளைகளையோ ஒட்டியே எழுந்திருக்கின்றன. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இல் தொடங்கியது. பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971-இலும், வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி 1990-இலும் வந்தன. போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி 2012-இலும், தேனியில் அரசு சட்டக் கல்லூரி 2019-இலும் தொடங்கப்பட்டன. தேனி அரசு மருத்துவக் கல்லூரி தேனி நகருக்குள் இல்லை. ஆண்டிபட்டி போகும் சாலையில் க.விலக்கில் இருக்கிறது. கடமலைக்குண்டிலிருந்து போடிக்கோ, மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உத்தமபாளையத்துக்கோ தினமும் போய்வர நினைப்பவருக்கு இந்த வரைபடம் எளிதில் வழிவிடாது.

அவர்களுக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள். வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரலாம். கல்லூரியின் சொந்த விடுதியில் சேரலாம். அரசு நலத்துறை விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் விடுதியிலோ நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறையிலோ தங்கலாம். சேர்க்கைக் காலத்தில் குடும்பங்கள் இவற்றைப் பணம், பாதுகாப்பு, சாப்பாடு என்ற மூன்றையும் வைத்தே எடைபோடுகின்றன. பிள்ளை யாரோடு இருக்கப்போகிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், "நம்ம ஊர்ப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்பதோடு நின்றுவிடுகிறது. மற்ற மூன்றையும் விடப் பின்விளைவு அதிகமுள்ள கேள்வி இதுவே. மூன்று, நான்கு ஆண்டுகளில் மாணவரின் பேச்சும் துணிவும், பிற்காலத்தில் வேலைக்கு வழிசொல்லும் தொடர்புகளும், அடுத்த தெருக்காரரைப் பற்றிய எண்ணமும் பெரும்பாலும் முதல் ஆண்டில் பக்கத்தில் படுத்தவர், பக்கத்தில் உட்கார்ந்தவர் வழியாகவே உருவாகின்றன.

பள்ளத்தாக்கில் மிகப் பலர் தேர்ந்தெடுப்பது பேருந்தை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டையும், தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய பல வீடுகளில் இந்த ஏற்பாடுகள்தான் தயக்கத்தைத் தீர்த்தன. ஆனால் பேருந்து கேட்கும் விலை வேறு. கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சுருளிப்பட்டியிலிருந்தோ காமயகவுண்டன்பட்டியிலிருந்தோ கம்பம் வந்து, காத்திருந்து, ஏறி, இறங்கி நடப்பது வரை சேர்த்தால் போகவர மூன்று மணி நேரம் சாலையிலேயே கழியும். பருவத்துக்கு 90 வேலைநாள் என்று கொண்டால் 270 மணி நேரம்.

ரயில் இந்தச் சுமையைக் குறைக்கவில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2022 மே மாதம் தேனி வரையிலும் 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் திறக்கப்பட்டது. மதுரைக்கும் தேனிக்கும் இடையே விடப்பட்ட பயணிகள் ரயில், காலையில் மதுரையிலிருந்து வந்து மாலையில் மதுரைக்குத் திரும்பும்படி அமைக்கப்பட்டது. மதுரையிலிருந்து இங்கே படிக்க வருபவருக்கு அது உதவும். இங்கிருந்து மதுரைக்கு நாள்தோறும் போகவேண்டியவருக்கு உதவாது. கம்பம், உத்தமபாளையம் பகுதிகளுக்கோ ரயிலே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து குமுளிப் பக்கம் பாதை போடவேண்டும் என்பது இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

அந்த 270 மணி நேரம் முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நல்ல நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்கவேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டது. ஆய்வில் ஒரு பகுதி முதலாண்டு மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தே நடத்தப்பட்டது. இந்தக் கணக்கின்படி பார்த்தால் ஒரே பேருந்தில் ஒரே நேரத்தில் ஏறும் இருவர், முதல் பருவம் முடிவதற்குள் நெருங்கிய நண்பர்களாகிவிடப் போதுமான நேரம் கிடைக்கிறது. தினமும் வீட்டுக்குத் திரும்பும் மாணவரின் விடுதி அந்தப் பேருந்துதான். குறை என்னவென்றால், அதில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பள்ளிக்கூடத்திலேயே பார்த்துப் பழகிய முகங்கள். மதிய இடைவேளை தவிர, போடியிலிருந்தோ வருசநாட்டிலிருந்தோ வந்த வகுப்புத் தோழரோடு அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. நாலு மணி மணியடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும். நூலகம், விளையாட்டுத் திடல், பேச்சுப் போட்டி ஒத்திகை, ஆசிரியரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பது எல்லாம் அந்த ஓட்டத்தில் நழுவிவிடுகின்றன.

வீட்டிலிருந்து படிப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கம்பம், தேவாரம், போடிப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விடியும் முன்பே ஜீப் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மூத்த பெண்ணுக்குச் சமையலும் தம்பி தங்கையும் போக மிஞ்சுவதுதான் படிப்புக்கான நேரம். அவளுக்கு விடுதி என்பது சொகுசு இல்லை. புத்தகத்தை விரிக்கக் கிடைக்கும் மாலைப் பொழுது.

வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பெரிய துணை, அரசு நலத்துறைகள் நடத்தும் விடுதிகள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் சேர, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகக்கூடாது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்கவேண்டும். இந்தத் தொலைவு விதி மாணவியருக்குப் பொருந்தாது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் 5 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை. கல்லூரி மாணவர் ஒருவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் அதுதான். வளரும் வயதுப் பிள்ளைக்கு இது போதாது என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இந்த விடுதிகளுக்கு மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் தனி வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு ஆளான பிறமலைக் கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்காக 1920-களில் உருவான கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பள்ளிகளும் விடுதிகளும் இன்றும் இயங்குகின்றன. கல்வியே எட்டாதிருந்த சமூகங்களுக்குத் தனித்தனி விடுதி கட்டிக்கொடுத்தது அந்தந்தக் காலத்தின் தேவை. அதனால் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேர் உருவானார்கள். அதே ஏற்பாடு இன்னொரு விளைவையும் கூடவே கொண்டுவந்தது. மாணவர் எந்த விடுதிக்காரர் என்று கேட்டாலே அவர் எந்தச் சமூகம் என்பது தெரிந்துவிடும். கல்லூரிக்குள் வகுப்பறை ஒன்றாக இருந்தாலும், மாலையில் அவரவர் அவரவர் விடுதிக்குப் பிரிந்து போனார்கள். பல விடுதிகளில் பிற சமூகத்தினரையும் அரசு நிர்ணயித்த விகிதப்படி சேர்த்துக்கொள்கிறார்கள். என்றாலும் பெயர்ப்பலகை எழுப்பிய சுவர் சிறியது இல்லை.

பந்தியும் படுக்கையும் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்ட வரலாறு உண்டு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது 1924, 1925 ஆண்டுகளில் பெரும் போராட்டமாக வெடித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. ஒரு மாணவர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கிய விவகாரம் அது. நூறு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், நலத்துறைகளின் 2,700-க்கும் மேற்பட்ட மாணவர் விடுதிகள் இனி 'சமூகநீதி விடுதிகள்' எனப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பலகை மாறுவது நல்ல தொடக்கம். பலகைக்குப் பின்னால் உள்ள அறையில் யாரும் யாரோடும் தங்கும் நிலை வந்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கும்.

கல்லூரிகளின் சொந்த விடுதிகளில் இந்தக் கலப்பு ஓரளவு இயல்பாக நடக்கிறது. மருத்துவம், பொறியியல், தோட்டக்கலை போன்ற படிப்புகளுக்கு மாநிலம் முழுவதிலுமிருந்து கலந்தாய்வு வழியாக மாணவர்கள் வருகிறார்கள். தருமபுரிக்காரரும் தூத்துக்குடிக்காரரும் போடியிலோ க.விலக்கிலோ ஒரே அறையில் பெட்டியை இறக்கிவைக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தும் விடுதிச் செலவை எண்ணி மிரளும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. விடுதியில் சோப்பு, எண்ணெய், செல்போன் ரீசார்ஜ், ஊருக்குப் போகும் பஸ் காசு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும்.

கல்லூரி விடுதியில் சேருமுன் கட்டணத்தைவிடக் கவனமாகக் கேட்க வேண்டியது மெஸ் பில்லை எப்படிப் போடுகிறார்கள் என்பது. பல கல்லூரிகளில் 'டிவைடிங்' முறைதான்: மாதத்தின் மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். விடுமுறை அதிகமுள்ள மாதத்தில் ஆள் குறைய, தலைக்கு விழும் தொகை ஏறும். எத்தனை நாள் ஊருக்குப் போனால் கழிவு உண்டு, முன்கூட்டிச் சொல்லவேண்டுமா என்பவற்றையும் கேட்டுவைப்பது நல்லது. தண்ணீர், கழிப்பறை எண்ணிக்கை, இரவில் எத்தனை மணிக்கு விளக்கு அணைக்கச் சொல்வார்கள், உடம்பு சரியில்லாவிட்டால் யார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள் என்பவையும் கேட்கத் தகுந்தவையே. இவற்றுக்கு நேரான பதில், விடுதியில் ஏற்கெனவே ஓராண்டு இருந்தவரிடமிருந்துதான் கிடைக்கும்.

தனியார் விடுதிகளின் கதை வேறு. பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போகும் மாணவர்களில் பலர் கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் இவற்றில்தான் சேர்கிறார்கள். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் மகளிர் விடுதி நடத்தக் கூடாது. 2024 செப்டம்பர் 12-ஆம் தேதி அதிகாலை மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து ஏற்பட்ட தீயிலும் புகையிலும் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். தேனிப் பேருந்துகள் நாள் முழுக்க வந்துபோகும் நகரம் அது. அறை வாடகையைப் பேரம் பேசுவதற்கு முன்பு உரிமத்தைக் காட்டச் சொல்வதும், இரண்டாவது வழியாக வெளியேறப் படிக்கட்டு இருக்கிறதா என்று ஏறிப்பார்ப்பதும், சன்னல் திறக்கிறதா என்று தள்ளிப்பார்ப்பதும் பெற்றோர் தயங்காமல் செய்யவேண்டியவை.

வாடகை அறை எடுக்கும் பையன்களுக்கு அபாயம் வேறு வகையில் வருகிறது. ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே தெரு, ஒரே சமூகத்து ஐந்து பேர் சேர்ந்து அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். செலவு குறைவு, சாப்பாடு ருசி ஒத்துப்போகும், ஊர்த் திருவிழாவுக்குச் சேர்ந்து போகலாம். மூன்று ஆண்டு முடிந்து பார்த்தால், பட்டத்தோடு திரும்பிவந்தவருக்குப் புதிதாக ஒரு நண்பர்கூடச் சேர்ந்திருக்கமாட்டார்.

நட்பு மனப்பொருத்தத்தால் வருகிறது என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். அதற்கு முன்னால் வேலை செய்வது அண்மை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர் குடியிருப்பில் லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகியோர் நடத்தி 1950-இல் நூலாக வெளியிட்ட ஆய்வில், அடுத்த கதவுக்காரர்களில் 41 விழுக்காட்டினர் நெருங்கிய நண்பர்களாயிருந்தார்கள். அதே தளத்தின் கோடியில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினரே அப்படி. படிக்கட்டின் அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியிலும் துணி காயப்போடும் மொட்டைமாடியிலும் சாப்பாட்டு வரிசையிலும் நம் விடுதிகளில் நடப்பது இதுதான். விரும்பித் தேர்ந்தெடுத்ததாக நினைக்கும் நண்பரை, பாதிக்குமேல் தேர்ந்தெடுத்துத் தந்தது அறை எண்.

அப்படியானால் அறை எண்ணைப் போடும் காப்பாளர் செய்வது வெறும் எழுத்தர் வேலை ஆகாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2018-இல், புதிதாகச் சேரும் மாணவர்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. முன்பே அறிமுகமான, ஒரே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சமூக ஊடகம் வழியாகப் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகத் தங்குவதைக் கண்டபின் எடுத்த முடிவு அது. இங்கேயும் "எங்க பையனை அவனோட போடுங்க சார்" என்று காப்பாளரிடம் வந்து நிற்கும் பெற்றோர் உண்டு. அன்பால் கேட்கிறார்கள். ஆனாலும் அதற்கு இணங்குவது பிள்ளைக்குச் செய்யும் நன்மை ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இசுலாமியர்கள், இராயப்பன்பட்டியில் கிறித்தவர்கள். சந்தையிலும் வயலிலும் எல்லாரும் கலக்கிறார்கள். வீட்டுக்குள் கலப்பது குறைவு. இருபது வயதுக்கு முன்னால் வேற்றுச் சமூகத்தவரோடு ஒரே அறையில் உறங்கி, ஒரே தட்டில் முறுக்கைப் பகிர்ந்து, காய்ச்சலில் கஞ்சி வாங்கிக்கொடுத்துப் பழக வாய்ப்பு உள்ள இடம் கல்லூரி விடுதி ஒன்றுதான்.

அறைக்கு வெளியே நட்பு அமைவது பெரும்பாலும் முதல் ஆறேழு வாரங்களில். ஜூன், ஜூலையில் பள்ளத்தாக்கில் காற்றும் சாரலும் அடிக்கும் நாட்கள் அவை. தமிழ்வழியில் படித்துவந்தவர் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் கடைசி வரிசைக்கு ஒதுங்கிவிடுவதும் அந்த வாரங்களில்தான். ஒதுங்கியவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு சேர்வது இயல்பு. அவர்களை முன்வரிசைக்காரரோடு சேர்த்து ஆய்வகக் குழு அமைக்கும் ஆசிரியர், பாடத்தைவிடப் பெரிய உதவியைச் செய்கிறார். வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேர் ஒரே நாளில் சேர்ந்துவிடலாம். ஆனால் பேச்சு பழக்கமாவது டீக்கடை வாசலிலும் மைதானத்திலும்தான். 1969 முதல் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் இதற்கு நல்ல வழி: கிராமத்துப் பள்ளியில் தங்கி, சேர்ந்து சமைத்து, கால்வாய் தூர்வாரும் ஒரு வாரத்தில் வீட்டிலிருந்து வந்துபோகிறவரும் விடுதிக்காரரும் ஒரே கணக்கில் வருகிறார்கள். மாணவியருக்கு இந்த வாய்ப்புகள் பாதியாகச் சுருங்குகின்றன. மாலை ஆறு மணிக்கே வாசலைப் பூட்டும் மகளிர் விடுதிகளில் நூலகமும் விளையாட்டும் வளாகத்துக்குள்ளேயே கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் கடமை.

மூத்தவர்களோடு பழகுவதில் ஓர் எல்லை உண்டு. அதைச் சட்டமே வகுத்திருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு விடுதியில் கொல்லப்பட்ட பிறகு, ராகிங் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-இல் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள், இயன்றவரை முதலாண்டு மாணவர்களைத் தனிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்கின்றன. கட்டணமில்லா உதவி எண் 1800-180-5522. புத்தகம் கொடுக்கும், மெஸ்ஸில் இடம் பிடித்துவைக்கும் அண்ணன்களும் அக்காக்களும் எல்லா விடுதியிலும் உண்டு; அவர்களே அதிகம். அச்சுறுத்துகிறவரைப் பொறுத்துப்போவது நட்புக்கு வழி என்று யாராவது சொன்னால், அதை நம்பவேண்டாம்.

அடுத்த சேர்க்கைக்குத் தேனி மாவட்டத்தின் கல்லூரி முதல்வர்களும் விடுதிக் காப்பாளர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதலாண்டு அறைகளை ஊரும் தெருவும் கேட்காமல் குலுக்கலில் ஒதுக்கி, பட்டியலை முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். இதற்குப் பணம் செலவில்லை, அரசாணை தேவையில்லை.